மூச்சை மெல்ல விடுங்கள்

காலை 10 மணி. வினாத்தாள் கைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அறையைச் சுற்றி வரும் ஆசிரியருக்குச் சில முகங்கள் சட்டென்று தட்டுப்படும். தோள் ஏறி இறங்கும். உதடு காய்ந்திருக்கும். முதல் கேள்வியையே நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். எழுத்து தெரியும், பொருள் மனதில் ஏறாது. நேற்று ராத்திரி வரை கடகடவென்று ஒப்பித்த பாடம் எங்கே போனது என்றே தெரியாது.

"பயப்படாதம்மா, நல்லா மூச்சை இழுத்து விடு" என்கிறார் ஆசிரியர், அப்படி ஒரு மாணவியிடம். அந்தப் பெண்ணும் நெஞ்சை நிமிர்த்திச் சர்ரென்று காற்றை இழுக்கிறாள். இழுத்த வேகத்தில் விட்டுவிட்டு மறுபடி இழுக்கிறாள். நாலைந்து முறை ஆனதும் தலை லேசாகச் சுற்றுகிறது. பயம் கூடித்தான் போகிறது.

அக்கறையோடு சொன்ன யோசனை அது. ஆனால், பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இந்தப் பாதியைத்தான். பதற்றத்தை இறக்குவது விடும் மூச்சு. இழுப்பதைவிட நீளமாக, அவசரமில்லாமல், கடைசி வரை விடுகிற மூச்சு. அதையும் பதற்றம் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் பழகியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் பள்ளிக்கூடத்திலேயே நமக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நம் சொல்லைக் கேட்கும் ஒரே இயக்கம்

ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடுகிறது. ஹார்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இதை விரிவாக எழுதினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் வயிற்றைவிட்டுக் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது, மூச்சு வேகமாகிறது. எதிரே வந்தது புலியா, கணக்கு வினாத்தாளா, மேலாளரின் போன் அழைப்பா என்றெல்லாம் உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தப் பட்டியலில் இருப்பவற்றில் எதற்கு நாம் உத்தரவு போட முடியும்? இதயத்தைப் பார்த்து மெதுவாகத் துடி என்றால் அது கேட்காது. வியர்க்காதே என்று தோலிடம் சொல்ல முடியாது. மூச்சு மட்டும் வேறு. தூங்கும்போது தானாக ஓடுகிறது. விழித்திருக்கும்போது நாம் பிடித்துக்கொண்டால் நம் சொற்படி நடக்கிறது. தானியங்கி உடம்புக்குள் நுழைய நமக்கு விடப்பட்டிருக்கும் வாசல் அது ஒன்றுதான்.

நம் முன்னோர்கள் இந்த வாசலை உற்றுக் கவனித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது யோக, சித்த மரபில் வழிவழியாக வரும் கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன் ஓடுகளும் இதே எண்ணிக்கை என்பார்கள். நிமிடத்துக்குப் பதினைந்து என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்று இன்றைய மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. பதினைந்து அதற்குள்தான் இருக்கிறது.

இனி அந்த மாணவிக்கு ஏன் தலை சுற்றியது என்று பார்ப்போம். வேக வேகமாக மூச்சு வாங்கும்போது ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடாது. நம் ரத்தம் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைவாகத்தான் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது. வெளியேறிவிடுவது கரியமில வாயு. கழிவு என்று நாம் நினைக்கும் அந்த வாயு ரத்தத்தில் ஓரளவு இருந்தே ஆக வேண்டும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதவென்று இருக்கும், நெஞ்சை யாரோ அழுத்துவதுபோலத் தோன்றும். ஐயோ, ஏதோ ஆகிவிட்டது என்று பயம் இன்னும் கூடும். மூச்சு இன்னும் வேகமாகும். நள்ளிரவில் மாரடைப்பு என்று பதறிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் சிலருக்கு, இசிஜி எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் பேனிக் அட்டாக் என்று சொல்வது இந்தச் சுழலைத்தான். இங்கே ஓர் எச்சரிக்கை. நெஞ்சுவலி எதனால் என்று நாமாக முடிவு செய்துகொண்டு மூச்சுப் பயிற்சியில் உட்காரக் கூடாது. இசிஜி எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர்.

இரண்டு தவளை இதயங்கள்

மூச்சுக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை கிளை விடும் நீண்ட நரம்பு. இதயத்தை நிதானப்படுத்துவது இதன் வேலை. எப்படி நிதானப்படுத்துகிறது என்பது நூறாண்டுக்கு முன்பு வரை யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லூவி. அவரே பின்னாளில் சொன்ன கதை இது. ஓர் இரவு தூக்கத்தில் ஒரு யோசனை வந்தது. எழுந்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் எடுத்துப் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. பகல் முழுக்கத் தவித்தார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை மீண்டும் வந்தது. இந்த முறை எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து உப்புக் கரைசலில் வைத்தார், இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன. முதல் இதயத்தில் வேகஸ் நரம்பு ஒட்டியிருந்தது. அதைத் தூண்டியதும் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் நிதானமானது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அதுதான் இதயத்தை அமைதிப்படுத்துகிறது என்பது அந்த இரவில் தெளிவானது. 1921-ல் அந்த ஆய்வு வெளியானது. அசிட்டைல்கோலின் என்று பிறகு அறியப்பட்ட அந்தப் பொருளுக்காக, இங்கிலாந்தின் ஹென்றி டேலுடன் சேர்ந்து லூவிக்கு 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நரம்பு எப்போது அதிகம் வேலை செய்கிறது? நாம் மூச்சை விடும்போது. இதை நம்ப ஆய்வகம் தேவையில்லை. மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்புகள் நெருங்கி வரும். மெதுவாக விடுங்கள், துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் கையில் இது நன்றாகத் தெரியும். ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-லேயே பதிவு செய்த உண்மை இது. விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயம் நிதானமாக இருக்கும் நேரமும் நீள்கிறது. ஆசிரியர் சொல்லாமல் விட்ட மறுபாதி இதுதான்.

ஜெபமாலையும் தாலாட்டும்

இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள். பிறகு பௌத்தர்களின் ஓம் மணி பத்மே மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ஆறு என்பதில் ஒரு விசேஷம் இருக்கிறது. நம் ரத்த அழுத்தம் ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருமுறை இயல்பாகவே சிறு அலையாக ஏறி இறங்குகிறது. மூச்சும் பத்து நொடிக்கு ஒன்று என்று வந்தால் இரண்டு அலைகளும் ஒன்று சேர்ந்து, ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது.

ஜெபமாலையை ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்லும் வழக்கம் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளிலும் உண்டு. ஒருவர் சொல்லும் நேரம் அவருக்கு விடும் மூச்சு. மற்றவர் சொல்லும் நேரம் அவருக்கு ஓய்வு. எல்லா வழிபாட்டு ஓதல்களிலும் ஏதோ ஒரு வடிவில் இது இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தேவாரம் பாடும் ஓதுவாரைக் கவனியுங்கள். சட்டென்று சிறிதாகக் காற்றை எடுத்து, ஓர் அடி முழுக்க அதைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். நம் தாய்மார் பாடும் தாலாட்டும் அப்படித்தான். பகலெல்லாம் ஓடிக் களைத்தவள் ஆராரோ என்று இழுத்துப் பாடும்போது தூங்கப்போவது குழந்தை. ஆனால் நீண்ட மூச்சு விடுவது அவள். அந்த அரை மணி நேரம் அவளுக்கும் சேர்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கு அளவு சொல்கிறார். உள்ளிழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளிவிட 32. விடுவது இழுப்பதைப்போல இரு மடங்கு. நடுவே வரும் அந்த 64 குருவோடு இருந்து பழகுபவர்களுக்கானது. பதற்றத்தில் இருப்பவர்களும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பார்க்கவே வேண்டாம். இழுப்பதும் விடுவதும் போதும்.

நிமிடத்துக்கு ஆறு மூச்சில் காற்று போதுமா என்று சிலர் பயப்படுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண மூச்சு ஒன்று சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிடும். ரத்தத்தோடு காற்று பரிமாறும் நுண்ணறைகளுக்குப் போவது 350. நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்றால் 4.2 லிட்டர். ஆறு ஆழ்ந்த மூச்சில், ஒவ்வொன்றும் 1,000 மில்லி என்றால், உள்ளே சேர்வது 850, ஆறுக்கு 5.1 லிட்டர். மூச்சு பாதியாகக் குறைந்தும் நுண்ணறைக்குக் கிடைக்கும் காற்று குறையவில்லை.

பெருமூச்சைப் பயிற்சியாக்கியவர்கள்

மூச்சின் தாளத்தை உருவாக்கும் நரம்பணுக் கூட்டம் மூளைத்தண்டில் இருப்பதை 1991-ல் அடையாளம் காட்டியது கலிஃபோர்னியாவின் ஜாக் ஃபெல்ட்மன் குழு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் ஃபெல்ட்மனும் சேர்ந்து இன்னொன்றைக் கண்டார்கள். அந்தக் கூட்டத்தில் உள்ள ஒரு சிறு பகுதி, மூளையை உஷார் நிலைக்குத் தள்ளும் மையத்தோடு நேரடியாகப் பேசுகிறது. அந்த அணுக்களை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது மூச்சு நிற்கவில்லை, எலிகள் சாதுவாகிவிட்டன. புதிய கூண்டில் விட்டால் மோப்பம் பிடித்து அலைய வேண்டியவை, உட்கார்ந்து உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டிருந்தன. மனம் பதறினால் மூச்சு வேகமாகும் என்பது எல்லோரும் அறிந்தது. மூச்சு வேகமானால் மனம் பதறும் என்பதற்கான நரம்புப் பாதை எலிகளிலாவது கண்ணுக்குக் கிடைத்துவிட்டது.

நாம் அறியாமலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிறோம். சுருங்கி ஒட்டிக்கொண்ட நுண்ணறைகளை விரித்துவிட உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. இதையே பயிற்சியாக்கி 2023-ல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்தார்கள். மூக்கால் இழுத்து, அது நிறைந்ததும் மேலே இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம். வேறு இரண்டு மூச்சுப் பயிற்சிகளும் தியானமும் செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பதற்றம் எல்லோருக்குமே குறைந்தது. மனநிலை அதிகம் மேம்பட்டது பெருமூச்சு விட்டவர்களுக்கு.

இதை வைத்துக்கொண்டு அற்புத சிகிச்சை என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். அதே 2023-ல் பிரிட்டனில் 400 பேரிடம் நடந்த சோதனையில், நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு விட்டவர்களுக்கும் பன்னிரண்டு விட்டவர்களுக்கும் முன்னேற்றத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. இரு தரப்பும் தினம் பத்து நிமிடம் உட்கார்ந்தன, இரு தரப்பும் முன்னேறின. 785 பேரை உள்ளடக்கிய 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் மன அழுத்தம் குறைவது உண்மை, ஆனால் மிதமான அளவில்தான் என்று தெரிந்தது. என் முடிவு இது: நொடிகளை எண்ணி அல்லாட வேண்டியதில்லை. தினம் உட்காருவது முக்கியம், விடும் மூச்சு நீளமாக இருப்பது நல்லது.

குகைக்குள் பன்னிரண்டு சிறுவர்கள்

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் சியாங் ராய் மாகாணத்தில் தாம் லுவாங் குகைக்குள் 11 முதல் 16 வயதுக்குட்பட்ட 12 கால்பந்து வீரர்கள் தங்கள் துணைப் பயிற்சியாளரோடு சிக்கிக்கொண்டார்கள். மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. கும்மிருட்டு. சாப்பாடு இல்லை, பாறையில் சொட்டும் தண்ணீர்தான். பயிற்சியாளர் ஏக்கபோலுக்கு வயது 25. சின்ன வயதில் பெற்றோரை இழந்து, பல ஆண்டுகள் புத்த மடாலயத்தில் வளர்ந்தவர். அங்கே கற்ற தியானத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்தார். தாய்லாந்தின் தேரவாத மடங்களில் தியானம் பெரும்பாலும் மூச்சைக் கவனிப்பதில்தான் தொடங்கும்.

ஜூலை 2 இரவு பிரிட்டிஷ் முக்குளிப்பு வீரர்கள் இருவர் அவர்களைக் கண்டுபிடித்தபோது எடுத்த காணொளியை உலகமே பார்த்தது. மெலிந்த உடம்புகள். ஆனால் அலறல் இல்லை, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னால் வரும் பரபரப்பு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள், நன்றி சொன்னார்கள். பிறகு குகைக்குள் ஆக்சிஜன் 15 சதவீதம் வரை இறங்கியதாக மீட்புக் குழுவினர் தெரிவித்தார்கள். வெளிக்காற்றில் அது 21. ஜூலை 10-க்குள் அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீருக்கு அடியில் கொண்டுவரும்போது பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அங்கே தியானம் போதாது. ஆனால், அதற்கு முந்தைய நாட்களின் இருட்டைக் கடக்க அவர்களிடம் வேறென்ன இருந்தது? பயிற்சியாளர் அதைக் குகைக்குள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. பல வருடம் தினம் தினம் செய்தது அன்று கை கொடுத்தது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாது என்று நம்மூரில் சொல்வது இதற்கும் பொருந்தும்.

பாயில் படுத்துத் தொடங்கலாம்

முதல் வாரம் பாயில் மல்லாந்து படுத்துச் செய்வதே சுலபம். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுங்கள். வயிற்றில் இருக்கும் கை மேலே எழ வேண்டும், நெஞ்சில் இருக்கும் கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு இது தலைகீழாக நடக்கும். இழுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு தோளைத் தூக்குவோம். நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் இறங்கினால்தான் அடிப்பகுதி வரை காற்று போகும். அது இறங்கும்போது வயிறு தானாக உப்பும். தூங்கும் கைக்குழந்தையின் வயிற்றைப் பார்த்தால் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே விளங்கிவிடும்.

இழுப்பதற்கு நான்கு எண்ணினால், விடுவதற்கு ஆறு எண்ணுங்கள். விடும்போது உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுகிற அளவுக்கு மெல்ல ஊதலாம். பிரசவ அறையில் அனுபவமுள்ள நர்ஸம்மா, "மூச்சை அடக்காதம்மா, வாயால ஊதி ஊதி விடு" என்று சொல்வதும் ஏறக்குறைய இதையே. ஆறு சிரமமாக இருந்தால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்கலாம். தலை சுற்றினால் பெரிதாக இழுக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். படுத்துப் பழகியதை உட்கார்ந்து செய்யுங்கள், பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு, பிறகு சிக்னலில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்ய வருகிறது என்றால், பழகிவிட்டது.

மூச்சு தீர்க்காதவை

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஆள் பற்றாக்குறையோடு இரவும் பகலும் வேலை வாங்கிவிட்டு, மாதம் ஒருமுறை மண்டபத்தில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. இலக்கை முடித்தே ஆக வேண்டும் என்று நெருக்கப்படும் டெலிவரி ஊழியருக்கும், வசூல்காரர் வாசலில் நிற்கும் சுயஉதவிக்குழுப் பெண்ணுக்கும் முதலில் தேவை நியாயமான வேலை நேரமும் கடனுக்கு ஒரு வழியும். நீண்ட மூச்சு அவர்களுடைய கையின் நடுக்கத்தை நிறுத்தும். பேச வேண்டியதைத் தெளிவாகப் பேச உதவும். அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் மருந்தாக அதை யாரும் கொடுக்கக் கூடாது.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சை நம்பக் கூடாது. கருவியின் உதவியோடு மூச்சை நிதானமாக்கும் பயிற்சியை அமெரிக்க இதயச் சங்கம் 2013-ல் ஏற்றது சிகிச்சைக்குத் துணையாகத்தான். ஆஸ்துமாவும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. சிலருக்கு, குறிப்பாகப் பழைய அதிர்ச்சி ஒன்றைச் சுமப்பவர்களுக்கு, மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே பயம் கிளம்பும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு நடக்கலாம், பாடலாம், பாத்திரம் துலக்கலாம்.

பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், வெளியே போகவே பயமாக இருந்தால், அது தனியாகச் சமாளிக்க வேண்டிய விஷயம் இல்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மனஸ் சேவையின் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.